குதிகாலைப் பாரு

மைக் செட்காரனுக்கு மேடை சரியாகத் தெரியாது. ஆம்ப்ளிபயரை மேடைக்குப் பக்கவாட்டில், ஒரு மூங்கில் தட்டி மறைவில்தான் வைக்கச் சொல்வார்கள். அங்கே உட்கார்ந்தால் பாடுகிறவருடைய முதுகும், கேட்க வந்தவர்களின் முகமும் தெரியும். முப்பது வருடமாக யாங்கோனிலும், பாலத்துக்கு அந்தப் பக்கம் தன்லின் வட்டாரத்து ஊர்களிலும் நான் பார்த்துக்கொண்டிருப்பது அந்த முகங்களைத்தான். தீமிதி, காதுகுத்து, கருமாதி, பொங்கல் விழா, எங்கே கூப்பிட்டாலும் குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போவேன். பர்மாக்காரர்கள் கூப்பிட்டாலும் போவேன். கூலி அவர்களிடம் கொஞ்சம் கூட, சாப்பாடு நம்மவர்களிடம் கொஞ்சம் கூட.

இத்தனை முகம் பார்த்ததில் ஒன்று பழகிவிட்டது. கூட்டம் கலங்கப்போகிறது என்றால் ஒரு நிமிடம் முன்னாலேயே தெரிந்துவிடும். கடலை உரிக்கும் கை நிற்கும். விசிறி நிற்கும். மடியில் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருக்கும் தாயின் கை மட்டும் நிற்காது, ஆனால் பிள்ளை எப்போதோ தூங்கியிருக்கும். இதில் வேடிக்கை, அந்த நேரத்தில் மேடையில் யாரும் அழுதுகொண்டிருக்க மாட்டார்கள். மேடையில் அழ ஆரம்பித்தால் இங்கே கடலை உரிப்பதும் ஆரம்பித்துவிடும்.

இது ஏன் இப்படி என்று முதலில் கேட்டது ஓர் உடுக்கைக்காரரிடம்.

அவர் எனக்கு மாமா முறை. சந்தையில் வெற்றிலை வியாபாரம். கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு உடுக்கையை எடுத்துவிடுவார். உடுக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சின்னப் பொருள் என்று. இடுப்பு சிறுத்த ஒரு கட்டை, இரண்டு பக்கமும் மெல்லிய தோல், நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. வலக்கை விரல்கள் தட்டும். இடக்கை அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கும். அமுக்கினால் தோல் இறுகி ஓசை மேலே ஏறும், விட்டால் கீழே வழுக்கும். வித்தை முழுவதும் அந்த இடக்கையில்தான். தட்டுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம். ஓசையை எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு நழுவவிடுவது என்பதற்கு வருடக்கணக்காகும்.

ஒரு வருடம் கரகம் எடுக்க வேண்டியவருக்குச் சாமி வரவில்லை. மாமாவுக்குக் காய்ச்சல், அதனால் ஒரு இளவட்டம் உடுக்கை அடித்துக்கொண்டிருந்தான். நல்ல கை. வேகம் என்றால் அப்படியொரு வேகம். பம்பைக்காரர் திணறினார். கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று. கரகக்காரர் ஈர வேட்டியோடு கல் மாதிரி நிற்கிறார். பூசாரி என்னைப் பார்த்து இன்னும் சத்தம் வை என்று கை காட்டுகிறார். வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் யாரோ போய் மாமாவைக் கூட்டிவந்தார்கள். போர்வையோடு வந்தார். உடுக்கையை வாங்கி, வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். ஒரே அடி, திரும்பத் திரும்ப. கேட்கிறவனுக்கு அது பிடிபட்ட பிறகு, சரியாக அந்த நாலாவது அடி விழவேண்டிய இடத்தில் அடிக்காமல் விட்டார். விழுங்கிவிட்டார். அடுத்த சுற்றும் அப்படியே. மூன்றாவது சுற்றில் கரகக்காரருடைய உடம்பு அந்த வெற்றிடத்தில் தானாக ஒரு அதிர்வு அதிர்ந்தது. அதற்கப்புறம் நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் கேட்டேன், என்ன செய்தீர்கள் என்று.

“ஒண்ணும் செய்யல மாப்ள. அவன் காலப் பார்த்தேன்.”

“காலையா?”

“தலையப் பார்க்கக் கூடாது. தலைய யார் வேணாலும் ஆட்டலாம். குதிகாலைப் பாரு. குதிகால் மண்ண விட்டு எழும்புச்சுன்னா அது பொய்யில்ல. அது எழும்புற வரைக்கும் நீ அவனுக்குப் பின்னாலதான் போகணும், முன்னால ஓடக் கூடாது. நேத்து அந்தப் பய முன்னால ஓடிட்டான்.”

சாமி வந்தது உடுக்கையாலா அம்மனாலா என்று என்னைக் கேட்காதீர்கள். மாமாவிடமே அதையும் கேட்டேன். “அம்மனுக்கு உடுக்கை கேக்கும், எனக்குக் குதிகால் தெரியும். நடுவுல உனக்கென்ன?” என்றார்.

ரொம்ப வருடம் கழித்துப் படித்தேன். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தங்களுக்கு மயிர்க்கூச்சம் உண்டாக்கும் இசையை ஆட்களைக் கேட்கவைத்து, அந்த நேரத்தில் மூளைக்குள் டோபமின் எங்கே, எப்போது சுரக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். உச்சமான இடம் வரும்போது ஒரு பகுதியில் சுரக்கிறது. ஆனால் அது வருவதற்குச் சில நொடிகள் முன்னால், வரப்போகிறது வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே, வேறொரு பகுதியில் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. இசையில் கிடைப்பதில் பாதி, கிடைக்கும் முன்பே கிடைத்துவிடுகிறது. மாமா காய்ச்சலோடு வந்து விழுங்கிய அந்த நாலாவது அடியை நினைத்துக்கொண்டேன்.

பர்மாக்காரர்களிடமும் இதே வித்தை உண்டு, நம்மைவிடப் பெரிய ஏற்பாடாக. அவர்களுடைய நாட் தெய்வங்கள் முப்பத்தேழு. நம் முனி, கருப்பன் மாதிரிதான். அநேகமாக எல்லாரும் கோரச் சாவு செத்தவர்கள். அவர்களுக்கு எடுக்கும் நாட் ப்வே என்ற விழாவில் வாசிக்கும் குழுவுக்குச் சைங் வைங் என்று பெயர். அதன் நடுநாயகம் வட்டமாகக் கட்டித் தொங்கவிட்ட இருபத்தொரு மத்தளங்கள். தங்கப்பூச்சு வேலைப்பாடு செய்த வட்டச் சட்டத்துக்குள்ளே வாசிப்பவர் உட்கார்ந்திருப்பார், தலை மட்டும் வெளியே தெரியும். மத்தளம் என்றாலும் அதில் வாசிப்பது தாளம் மட்டுமில்லை, பாட்டே வாசிப்பார். இருபத்தொன்றும் இருபத்தொரு சுரத்தில் இருக்கும். பக்கத்தில் ஹ்னே ஊதுவார்கள், நம் நாயனத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. மூச்சு விடாமல் ஊதுவதும் அப்படியே. நாயனத்துச் சீவாளி நாணல், அதற்குப் பனையோலை.

மத்தளங்களுக்குச் சுரம் சேர்ப்பதைத்தான் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். வெந்த சோற்றையும் மரச்சாம்பலையும் சேர்த்து அம்மியில் அரைத்தது போலப் பிசைந்து, ஒரு கும்பாவில் ஈரத்துணி போட்டு வைத்திருப்பார்கள். பட்ஸா என்பார்கள், மத்தளத்துக்குத் தீனி. அதில் ஒரு உருண்டை எடுத்துத் தோலின் நடுவே அப்பினால் ஓசை இறங்கும். கொஞ்சம் கிள்ளினால் ஏறும். ஒரு சைங் சேயாவுக்கு, அந்த மத்தளங்களை வாசிக்கும் வாத்தியாருக்கு, பக்கத்தில் நான் மைக் மாட்டிக்கொண்டு குந்தியிருந்தபோது பார்த்தேன்: சுண்டைக்காய் அளவு கிள்ளினார், தட்டினார், தலையைச் சாய்த்துக் கேட்டார், கிள்ளியதில் பாதியைத் திரும்ப ஒட்டினார். இருபத்தொன்றுக்கும் இதே வேலை. ராத்திரி பனி இறங்கத் தொடங்கினால் தோல் தொய்யும், பாட்டுக்கு நடுவே விரல் பாட்டுக்குப் பசையைக் கிள்ளிக்கொண்டே இருக்கும். மிருதங்கத்துத் தொப்பியில் ரவை அப்புவது நமக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனால் அது ஒரு பக்கம். இவர் இரவெல்லாம் இருபத்தொரு பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறார்.

அவர் கண் எங்கே இருந்தது தெரியுமா? பசையிலும் இல்லை, தோலிலும் இல்லை. ஆடிக்கொண்டிருந்த நாட் கடோவின், அவர்களுடைய சாமியாடியின், காலில்.

ஆகஸ்ட் மாதம் மாந்தலேக்கு வடக்கே டௌங்பியோனில் நடக்கும் பெரிய நாட் திருவிழாவுக்கு ஒருமுறை போனேன். அங்கே கும்பிடும் அண்ணன் தம்பி இருவருடைய தகப்பன் நம் கரையிலிருந்து கடல் வழியே வந்தவன் என்பது கதை. அனோரதா ராஜா அங்கே ஒரு பகோடா கட்டினார், ஆளுக்கொரு செங்கல் வைக்க வேண்டும் என்பது உத்தரவு, இவர்கள் இருவரும் விளையாட்டுப் புத்தியில் வைக்காமல் விட்டார்கள், அதற்காகக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பகோடாவின் சுவரில் அவர்கள் வைக்காமல் விட்ட இரண்டு செங்கல்லின் இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது. ஊர் முழுக்கத் தங்கச் சிலையும் பூவும் சாராயமுமாக இருந்தும், எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு போய்ப் பார்ப்பது அந்தப் பொந்தை. என் முன்னால் நின்ற ஒரு கிழவர் அதைப் பார்த்துவிட்டு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அங்கே இசை இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு செங்கல் இல்லை, அவ்வளவுதான்.

விடிய விடிய நடக்கும் ஸாத் ப்வே என்ற பர்மாக் கூத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சிரிப்புக்காரர்கள், சினிமாப் பாட்டு, ஆட்டம் எல்லாம் முன்னிரவில். உருக்கமான பாட்டை நடுச்சாமத்துக்குப் பிறகுதான் எடுப்பார்கள். தெருக்கூத்திலும் பெரிய சாவுகள் விடியலுக்குத் தள்ளித்தானே வரும்? நேரத்துக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு, பாயில் குளிர் ஏறி, பிள்ளை மேலே போர்வையைப் போட்டுவிட்டு, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவனுடைய மனசுக்குக் கதவே கிடையாது. எட்டு மணிக்கு அதே பாட்டைப் பாடினால் கைதட்டுவான். இதைப் பாடகருடைய திறமை என்று நாம் எழுதுகிறோம். பாதி, நிகழ்ச்சி வரிசையைப் போட்டவருடைய திறமை.

சரி, அத்தைக்கு வருகிறேன். ஒப்பாரி அத்தை.

எங்கள் வட்டாரத்தில் சாவு விழுந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ராமநாதபுரத்துப் பாட்டன் வழியில் வந்த பேச்சு, நாலு தலைமுறை ஆகியும் மாறவில்லை. அவர் வந்தவுடன் பாட மாட்டார். வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றுவார். செத்தவர் எங்கே உட்காருவார், எதில் குடிப்பார், கண்ணாடியை எங்கே கழற்றி வைப்பார் என்று சின்னப் பிள்ளைகளிடம் மெதுவாகக் கேட்பார். பெரியவர்களிடம் கேட்க மாட்டார். “பெரியவுங்க அவரு நல்லவருன்னு சொல்லுவாங்க. அத வெச்சு நான் என்ன செய்ய?”

மரமில்லில் நாற்பது வருடம் வேலை பார்த்த ஒருவர் இறந்தபோது அவர் எடுத்த வரி எனக்கு மறக்காது.

“ஆன இழுத்த மரம் ஆயிரமும் அறுத்தவரே – இன்னிக்கு
ஆறடி மூங்கிலுக்கா ஆசப்பட்டுப் போனீக”

தேக்கு என்ற சொல்கூட வரவில்லை. அழு என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனை இழுத்த மரத்தையும், வாசலில் கட்டிக்கொண்டிருந்த மூங்கில் பாடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்தினார். அவருடன் மில்லில் வேலை செய்த பர்மாக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், அவர்களுக்கு ஆனையும் மூங்கிலும் புரிகிற அளவுக்குத் தமிழ் தெரியும். முதலில் உடைந்தது அவர்கள்தான்.

1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு இங்கே தமிழ் படிப்பது கோயில் மண்டபத்துக்கு ஒதுங்கிவிட்டது. நான் படித்ததும் அங்கேதான். அந்த மண்டபத்து அலமாரியில் கறையான் தின்றது போக மிஞ்சிய ஒரு தொல்காப்பியப் பொருளதிகாரம் இருந்தது. மெய்ப்பாட்டியலைப் பிரித்துப் பார்க்க எனக்கு நாற்பது வயசாக வேண்டியிருந்தது. மெய்ப்பாடு எட்டு, அதில் அழுகை ஒன்று, அழுகைக்குக் காரணம் நான்கு என்கிறது. இளிவு, இழவு, அசைவு, வறுமை. எனக்கு முதல் ஆச்சரியம், வரிசையில் இழவுக்கு முன்னால் இளிவு நிற்கிறது. பிறர் இகழ நிற்பது சாவுக்கு முன்னால். இரண்டாவது ஆச்சரியம் அந்த மூன்றாவது. அசைவு. இருந்த நிலை கெட்டு வேறொன்றாகிப் போய் வருந்துவது என்று உரைகாரர் விளக்கம் சொல்கிறார்.

அத்தை செய்வது முழுக்க இந்த மூன்றாவதைத்தான். சாவைப் பாடுவதே இல்லை. நேற்று எங்கே இருந்தீர், இன்று எங்கே இருக்கிறீர். நேற்றை நன்றாகக் காட்டிவிட்டால், இன்றைக் கூட்டமே பார்த்துக்கொள்கிறது.

அசைவு என்ற அந்தச் சொல்லே எனக்கு ஒரு கிறுக்கைப் பிடிக்கவைத்தது. சங்கீதத்தில் கமகம் என்பதும் அசைவுதானே? ஒரு சுரம் தன் இடத்தில் நிற்காமல் பக்கத்துச் சுரத்தில் சாய்ந்து திரும்புவது. மாமாவின் இடக்கை கயிற்றை அமுக்கி விடுவதும் அதுதான். 1991இல் ஜான் ஸ்லோபோடா என்ற ஆங்கிலேய உளவியலாளர், எந்தெந்த இசையில் சரியாக எந்த இடத்தில் உங்களுக்கு உடம்பு ஏதாவது செய்கிறது என்று கேட்பவர்களிடம் விசாரித்து எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. கண்ணீர் வந்ததாக அவர்கள் குறித்துக் கொடுத்த மேற்கத்திய இசையின் இடங்களில் அடிக்கடி தட்டுப்பட்டது ஒரு சின்ன விஷயம். நிற்க வேண்டிய சுரத்தில் நேராக இறங்காமல், ஒரு படி தள்ளி உராய்ந்து நின்று, அப்புறம் அதில் இறங்குவது. தொல்காப்பியர் சொன்னது மனுஷனுடைய நிலையைத்தான், சுரத்தை அல்ல. இரண்டையும் நான்தான் முடிச்சுப் போடுகிறேன், சங்கீதம் படித்தவர்கள் மன்னிக்கவும். ஆனால் அத்தையின் குரல் “போனீக” என்ற இடத்தில் கீழே வந்துசேராமல் ஒரு நூல் மேலே தொங்கி நிற்குமே, அதை மைக்கில் கேட்டுப் பழகியவனுக்கு இந்த முடிச்சு பொய்யாகத் தோன்றாது.

இந்த இடத்தில் ஒரு வழக்கமான பேச்சையும் தள்ளிவிடலாம். முகாரி என்றால் அழுகை, சில ராகம் சோகத்துக்கு, சில ராகம் சந்தோஷத்துக்கு என்று பட்டியல் போடுவார்கள். சங்கீத ஞானம் எவ்வளவு உயர்ந்தது என்று சொல்லும் ஒரு கீர்த்தனையைத் தியாகராஜர் முகாரியில்தான் அமைத்திருக்கிறார். அங்கே என்ன அழுகை? ராகம் ஒரு வீடு மாதிரி. அதில் கல்யாணமும் நடக்கும், சாவும் விழும்.

எக்கோவைப் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். இப்போது யார் மேடை ஏறினாலும் முதலில், “தம்பி, கொஞ்சம் எக்கோ வைங்க” என்பார்கள். குரல் கோயில் மணி மாதிரி இழுத்துக்கொண்டே போகும், தனக்கே மெய்சிலிர்க்கும். அத்தையை ஒருமுறை கருமாதி வீட்டில் மைக்கில் பாடவைத்தார்கள், வீட்டுக்காரர் வற்புறுத்தியதால் எக்கோவும் வைத்தேன். வரிக்கு வரி அவர் நிறுத்துகிற அந்த ஒரு மூச்சு இடத்தை எக்கோ வந்து அடைத்துவிட்டது. ஒருத்தர் கண்ணிலும் ஈரமில்லை. அத்தை மைக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “அந்தச் சனியன நிறுத்துய்யா, எனக்குப் பின்னாடி எவளோ பாடுறா” என்றார்.

இவ்வளவு பேசுகிற நான் செய்த கூத்தையும் சொல்லவேண்டும்.

1990களின் நடுவில் எங்கள் கோயில் மண்டபத்தில் பொங்கல் விழாவுக்கு ஒரு நாடகம் எழுதினேன். 1942 நடைபயணம். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து ஆரம்பம். அப்போது இந்தியாவை நோக்கி நடந்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். வழியிலேயே காலராவிலும் பசியிலும் போனவர்கள் பல்லாயிரம். எங்கள் ஊரில் அந்தக் கதை இல்லாத வீடு கிடையாது. ஆகவே அழவைப்பது சுலபம் என்று நினைத்தேன். தகப்பன் காட்டில் சாகிறான், மகள் கட்டிப்பிடித்துக் கதறுகிறாள், இரண்டு பக்கம் வசனம். போதாததற்கு ஒரு கேசட்டில் சோக வயலினைப் பதிவு செய்து வைத்திருந்தேன். சாவு வந்ததும் வயலினை முழு சத்தத்தில் திறந்தேன்.

முன்வரிசையில் ஒரு பையன் வயலினைப் போலவே வாயால் இழுத்துக் காட்டினான். ஒருவர் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. செத்துக்கிடந்த தகப்பனும் சிரித்துவிட்டான். வயிறு குலுங்குவது மேலே போர்த்திய வேட்டி வழியாகத் தெரிந்தது.

விழா முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆயா வந்து உட்கார்ந்தார். 1942இல் அவருக்கு ஒன்பது வயசு. ப்ரோம் வரை எப்படியோ போய், அங்கிருந்து அரக்கான் மலையை நடந்து கடந்த குடும்பம். அவர் நாடகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “எங்கப்பா கிளம்புறதுக்கு முந்தின நாள் எனக்குச் செருப்பு வாங்கியாந்தாரு” என்றார். “பெருசு. ஒரு அளவு பெருசு. ஏம்ப்பான்னு கேட்டேன். வளர்ற புள்ள, நம்ம ஊரு போய்ச் சேர்றப்ப காலுக்குச் சரியாயிரும்னாரு.” சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. “சிட்டகாங் போய்ச் சேர்ந்தப்பவும் லொடலொடன்னுதான் இருந்துச்சு.”

அப்பா சிட்டகாங் வந்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மண்டபத்தில் விளக்கணைத்துவிட்டார்கள், ஒயர் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அடுத்த வருடப் பொங்கலுக்கு அதே நாடகத்தைத் திரும்ப எழுதினேன். குழுவில் யாரும் இஷ்டப்படவில்லை, ஒரு தடவை சிரித்தது போதாதா என்றார்கள். சாவுக் காட்சியை எடுத்துவிட்டேன். வசனம் முக்கால்வாசி போயிற்று. வயலின் கேசட்டில் வேறு பாட்டுப் பதிந்துகொண்டேன். வைத்தது ஒன்றே ஒன்று: தகப்பன் செருப்பு வாங்கி வருகிறான், மகள் ஏன் பெரிசு என்கிறாள், அவன் அந்தப் பதிலைச் சொல்கிறான். கூட்டம் லேசாகச் சிரித்தது. நல்ல சிரிப்பு, வீட்டுச் சிரிப்பு. எல்லா அப்பனும் இப்படித்தானே வாங்குவான்.

அப்புறம் நடை. ஒரு மைக்கைக் கழற்றி மேடைப் பலகைக்கு நாலு விரல் மேலே கட்டியிருந்தேன். மேடையில் விளக்கைக் குறைத்துவிட்டோம். தகப்பனும் மகளும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார்கள், திரும்ப வருவார்கள், திரும்பப் போவார்கள். தகப்பனுக்கு வெறுங்கால், தட் தட் என்று கனமாக விழும். பிள்ளைக்கு அந்தப் பெரிய செருப்பு. ஒவ்வொரு அடிக்கும் குதிகால் செருப்பை விட்டு எழும்பும், செருப்பு ஒரு கணம் பின்தங்கி, டப் என்று வந்து அடிக்கும். தட், டப். தட், டப். குழாய் ஸ்பீக்கரில் மண்டபம் முழுக்க அந்தச் சத்தம் மட்டும். இப்படி ஐந்து நடை. ஐந்தாவது நடை முடிந்து இருவரும் ஓரத்துத் திரைக்குள் போனார்கள். ஆறாவது நடையில் பிள்ளை மட்டும் வந்தாள்.

டப்.

டப்.

நான் வழக்கம்போலத் தட்டிக்குப் பின்னால் இருந்து முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலை உரிக்கும் கை நின்றிருந்தது. போன வருடம் வயலின் இழுத்த பையன் தன் அப்பாவின் தொடையில் கையை வைத்திருந்தான். மூன்றாவது வரிசையில் உடுக்கை மாமா குனிந்து, எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் பக்கம் திரும்பித் தலையை ஒருமுறை ஆட்டினார்.

முடிந்ததும் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. விளக்கைப் போட்டபோதுதான் ஆயாவைத் தேடினேன். முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். சுற்றி எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், அவர் மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டு என்னை விரலால் கூப்பிட்டார். போய்க் குனிந்தேன்.

“செருப்பு செவப்புடா,” என்றார். “நீ கருப்பு போட்டுருக்க.”